இரவில் விஷுவல் அப்ரோச்: இருளில் மறைந்திருக்கும் மலைகளைத் தவிர்க்க விமானி செய்ய வேண்டியவை

ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தபடியே இறங்கும் விஷுவல் அப்ரோச், பகலில் விமானிகள் விரும்பி ஏற்கும் ஏற்பாடு. சுற்றுவழி குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, பின்னால் வரிசையில் நிற்கும் விமானங்களுக்கும் விரைவில் இடம் கிடைக்கிறது. கட்டுப்பாட்டாளர் தரும் அதே அனுமதியை இரவில் ஏற்கும் விமானி முற்றிலும் வேறான ஒரு வேலையை ஏற்கிறார். பகலில் அவர் ஓடுபாதையோடு சேர்த்து அதற்கு முன்னுள்ள குன்றையும் காட்டையும் பள்ளத்தாக்கையும் காண்கிறார். இரவில் அவருக்குத் தெரிபவை விளக்குகள் மட்டுமே. ஓடுபாதை கண்ணில் பட்டுவிட்டது என்பதால் அதுவரையுள்ள தரையும் கண்ணில் பட்டுவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. இந்த ஒரு பிழையான எண்ணத்திலிருந்துதான் கீழே சொல்லப்படும் ஆபத்துகள் பெரும்பாலும் பிறக்கின்றன. பயணிகள் விமானங்களையோ சரக்கு விமானங்களையோ ஓட்டுபவர்களையும் அதற்காகப் பயில்பவர்களையும் மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது. தங்கள் நிறுவனத்தின் செயல்முறைக் கையேடு இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

அனுமதியோடு கைமாறும் பொறுப்பு

ரேடாரில் பார்த்துத் திசை சொல்லிக்கொண்டிருக்கும் வரை, கட்டுப்பாட்டாளர் ஒரு குறைந்தபட்ச உயரத்திற்குக் கீழே விமானத்தை இறக்க மாட்டார். கீழேயுள்ள மலைகளையும் கோபுரங்களையும் கணக்கிட்டு வகுக்கப்பட்ட உயரம் அது. ஓடுபாதை தெரிகிறது என்று விமானி சொல்லி, விஷுவல் அப்ரோச் அனுமதியையும் வாங்கிக்கொண்டால், அந்தக் காப்பு அத்துடன் விலகிவிடுகிறது; நிலத்திலிருந்து விலகி நிற்பது அதன்பின் முழுக்க விமானியின் பொறுப்பு. அமெரிக்க விதிகளின்படி விஷுவல் அப்ரோச் கருவிவழி அணுகுமுறைகளில் சேராது. ஆகவே அதற்கென வரைந்து வெளியிடப்பட்ட இறக்கப் பாதையும் கிடையாது, இறங்க முடியாமல் போனால் மேலேறிச் செல்ல வகுத்துவைத்த வழியும் கிடையாது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், விமான நிலையத்தையும் அதன் சுற்றுப்புற நிலத்தையும் அறியாத விமானி என்று கருத இடமிருந்தால், இத்தகைய அனுமதியைத் தாமாக முன்வந்து தருவதில் கட்டுப்பாட்டாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் வானொலியில் வரும் ஒரு குரலைக் கேட்டு, அந்தக் குரலுக்கு உரியவர் அங்கே முன்பு வந்திருக்கிறாரா என்று எந்தக் கட்டுப்பாட்டாளரால் கண்டுபிடிக்க முடியும்? அந்தக் கேள்வியை விமானிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலையத்தைப் பகலில் ஒருமுறையாவது பார்த்ததில்லை என்றால், இறங்கும் சரிவைக் காட்டும் கருவியோ விளக்கோ அன்று வேலை செய்யவில்லை என்றால், அல்லது ஓடுபாதைக்குச் செல்லும் வழியில் மலை இருப்பதாக வரைபடம் காட்டினால், விஷுவல் அப்ரோச்சை மறுத்து, ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். அல்லது ஜி.பி.எஸ். வழியிலான அணுகுமுறையைக் கேட்பதே முறை. மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

மறுப்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2001 மார்ச் 29 அன்று கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நிலையத்தில் ஒரு வாடகை ஜெட் விமானம் ஓடுபாதையை எட்டுமுன் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்தார்கள். இரவில் அங்கே சுற்றி இறங்கக் கூடாது என்ற அறிவிப்பு சில நாட்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. வாடகைக்கு எடுத்தவர்கள் அங்கேயே இறங்க வேண்டுமென்று விரும்பியதும், இரவுத் தடை நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததும் விமானிகள் மேல் அழுத்தமாக இருந்தன என்று விசாரணை குறிப்பிட்டது. மலைகளுக்கு இடையிலுள்ள நிலையங்களில் எந்த நேரத்திற்குப்பின் எதைச் செய்வதில்லை என்பதைப் புறப்படும் முன்பே இரு விமானிகளும் பேசி முடித்திருந்தால், மேலே வந்தபின் அந்த அழுத்தத்திற்கு வேலை குறைவு.

கண் எங்கே தவறுகிறது

இருண்ட நிலத்தின் அல்லது கடலின் மேலாக வந்து, ஓடுபாதை விளக்குகளைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் இறங்குவதை விமானிகள் ‘பிளாக் ஹோல் அப்ரோச்’ என்கிறார்கள். 1960-களின் நடுவில் புதிய போயிங் 727 விமானங்கள் சில இரவில் ஓடுபாதைக்கு முன்பாகவே விழுந்ததை அடுத்து, போயிங் நிறுவனத்தில் உளவியலாளராக இருந்த கான்ராட் கிராஃப்ட் இதை ஆராய்ந்தார். மேடாக ஏறிச் செல்லும் ஒரு நகரத்தின் இரவு விளக்குகளைச் செயற்கையாக அமைத்து, உயரமானியை மறைத்துவிட்டு, அனுபவமிக்க விமானிகளைக் கண்ணை மட்டும் நம்பி இறங்கச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் சரியான உயரத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டே, தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தார்கள்.

இதன் காரணம் வடிவியலில் இருக்கிறது. ஓடுபாதையின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையில் கண்ணில் படும் கோணம், 3 டிகிரிச் சரிவில் நேராக இறங்கும்போது சிறிது சிறிதாக வளர வேண்டும். சுற்றிலும் வேறு அடையாளம் இல்லாதபோது, மூளை அந்தக் கோணத்தை மாறாமல் வைத்துக்கொண்டால் போதும் என்று எடுத்துக்கொள்கிறது. கோணம் மாறாமல் இருக்க வேண்டுமானால் விமானம் நேர்கோட்டில் வராமல் ஒரு வட்டத்தின் வில்லில் வர வேண்டும். அந்த வில் சரியான சரிவுக்குக் கீழே தொய்ந்து, ஓடுபாதைக்குச் சில மைல் முன்பே தரையை நெருங்கிவிடுகிறது. இதில் மிகவும் கொடியது, தொய்வு நடக்கும் நேரம் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே காட்சி அழகாக, அசையாமல், சரியாகத் தெரிவதுதான். ஓடுபாதைக்கு அப்பால் ஊர் மேடேறிச் சென்றால் தொய்வு இன்னும் கூடும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி விமான நிலையம் இதற்கு இரண்டு முறை சாட்சியாயிற்று. கென்டக்கிப் பக்கத்து மேட்டுநிலத்தில் அமைந்த அந்த நிலையத்தின் வடக்கே ஓஹியோ ஆற்றின் பள்ளத்தாக்கு பல நூறு அடி தாழ்ந்து கிடக்கிறது. 1965 நவம்பர் 8 அன்று மாலை இருட்டியபின், மழை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 383-ஆம் எண் விமானம் வடக்கிலிருந்து விஷுவல் அப்ரோச்சில் வந்து அந்தப் பள்ளத்தாக்கின் சரிவில் மோதியது. 62 பேரில் 58 பேர் இறந்தார்கள். நிலையத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 890 அடி. விமானம் மோதிய இடத்தின் உயரம் 665 அடி. அதாவது, தான் இறங்க வேண்டிய ஓடுபாதையைவிட இருநூறு அடிக்கு மேல் கீழே பறந்துகொண்டிருந்தது. விமானிகள் இருவரும் உயரமானியைச் சரிவரக் கவனிக்காததையே விசாரணை காரணமாகச் சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 இரவு, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் கான்வேர் 880 விமானம் அதே பக்கத்திலிருந்து, சரிவுக் கருவி இயங்காத நிலையில் வந்து மோதி 70 பேர் இறந்தார்கள். ஆங்காங்கே மட்டும் விளக்கு எரியும் மேடுபள்ளமான நிலம், போதிய உயரம் இருப்பதான மாயத் தோற்றத்தைத் தந்திருக்கக்கூடும் என்று அந்த விசாரணை எழுதியது.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு கண்ணியும் இருக்கிறது. தரைவரை உள்ள உயரத்தை ரேடியோ அலை கொண்டு அளக்கும் ரேடியோ உயரமானி, பள்ளத்தாக்கின் மேல் பறக்கும்போது பள்ளத்தாக்கின் அடிவரை அளந்து பெரிய எண்ணைக் காட்டும். எதிரே மேட்டின் மேல் இருக்கும் ஓடுபாதையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே மேட்டுநில நிலையங்களில் ரேடியோ உயரமானி காட்டும் எண்ணால் மனம் நிம்மதி அடையக் கூடாது; அது விரைவாகக் குறையத் தொடங்கினால் மட்டும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற மாயைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கத்தைவிடக் குறுகலான ஓடுபாதையும் மேலேறும் சரிவுள்ள ஓடுபாதையும் விமானம் உயரமாக இருப்பதாகக் காட்டி, விமானியைத் தாழ இழுக்கும். முன்கண்ணாடியில் வழியும் மழைநீரும் அதையே செய்யும். காற்றிலுள்ள மெல்லிய புகைமூட்டம் ஓடுபாதையை உள்ளதைவிடத் தொலைவில் காட்டுவதால் அதன் விளைவும் தாழ்வே. இவையெல்லாம் பயிற்சியில் படித்தவைதானே என்று தோன்றலாம். ஆனால் மாயையைப் பற்றிப் படித்திருப்பது அது தோன்றாமல் தடுப்பதில்லை, உயரமானியைப் பார்க்க வேண்டும் என்று நினைவூட்டுவதோடு அதன் உதவி முடிந்துவிடுகிறது.

இறங்கத் தொடங்கும் முன்

வேலையில் பாதிக்கு மேல் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். அணுகுமுறை வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது எம்.எஸ்.ஏ. எனப்படும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம். வழக்கமாக 25 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எந்தத் தடைக்கும் மேலே 1,000 அடி இடைவெளி தரும்படி, திசைப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் 3,000 அடியும் அடுத்த பகுதியில் 9,000 அடியும் இருந்தால், மலை எந்தப் பக்கம் என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். அந்த வட்டத்தின் மையம் எது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அது பெரும்பாலும் ஒரு வானொலி வழிகாட்டி நிலையமே தவிர ஓடுபாதை அல்ல.

பசிபிக் தீவான குவாமில் 1997 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் நடந்தது இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டியது. அங்கே தொலைவைக் காட்டும் டி.எம்.இ. ஓடுபாதையில் இல்லை, அதற்குச் சுமார் 3 கடல் மைல் முன்னால், நிமிட்ஸ் குன்றின் மேல் இருந்தது. ஐ.எல்.எஸ்.-இன் சரிவுக் கருவி அன்று இயங்கவில்லை. கொரியன் ஏர் 801-ஆம் எண் போயிங் 747-இன் கேப்டன், பெரும்பாலும் கண்ணால் பார்த்தே இறங்கிவிடலாம் என்ற எதிர்பார்ப்பில், கருவிவழி அணுகுமுறைக்கான விளக்கவுரையைப் போதுமான அளவு செய்யவில்லை. வழியில் மழை குறுக்கிட்டது. விமானம் அந்தக் குன்றிலேயே மோதி 228 பேர் உயிரிழந்தார்கள். வானம் தெளிவாக இருக்கும் என்ற முன்னறிவிப்பு எவ்வளவு நம்பகமாக இருந்தாலும், அந்த ஓடுபாதைக்குரிய கருவிவழி அணுகுமுறை ஒன்றை முழுமையாக எடுத்துப் பேசி, விமானத்தின் பாதையைக் கணக்கிடும் எஃப்.எம்.எஸ். கணினியிலும் ஏற்றி வைத்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை.

வரைபடத்தில் குன்று குறிக்கப்படவில்லை என்பதற்காகக் குன்று இல்லை என்று கொள்ளக் கூடாது. 2001 நவம்பர் 24 இரவு ஜூரிக் நகரில் கிராஸ்ஏர் 3597-ஆம் எண் விமானத்தின் கேப்டன், தரை கண்ணில் பட்டதை வைத்து, குறைந்தபட்ச உயரத்திற்குக் கீழே இறங்கினார். பாஸர்ஸ்டார்ஃப் ஊரருகே காடடர்ந்த குன்றில் மோதி 33 பேரில் 24 பேர் இறந்தார்கள். அந்தக் குன்றுத்தொடர் அவர்கள் கையிலிருந்த அணுகுமுறை வரைபடத்தில் இல்லை. தரை தெரிந்தது உண்மை. ஓடுபாதைக்கும் விமானத்துக்கும் நடுவே நின்றது தெரியவில்லை.

அன்றைய நிலாவையும் பார்த்துவைப்பது பயனுள்ள பழக்கம். முழுநிலா எழுந்திருக்கும் இரவில் மலையின் விளிம்பு ஓரளவு தெரியும்; நிலா உதிக்காத நேரத்தில் அதே நிலையம் வேறொரு நிலையம். நிலையத்தில் எந்த விளக்கு பழுது, எந்தக் கருவி பராமரிப்பில் என்ற அறிவிப்புகளைப் படிக்கும்போது, சரிவு காட்டும் விளக்கு எரியவில்லை என்ற ஒரு வரி கண்ணில் பட்டால், அன்று இரவு விஷுவல் அப்ரோச் இல்லை என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்ணான க்யூ.என்.எச்.-ஐ இருவரும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறத்தாழ 28 அடிப் பிழை. 992 ஹெக்டோபாஸ்கல் என்று சொல்லப்பட்டதை, பாதரச அளவில் 29.92 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், உயரமானி காட்டுவதைவிட விமானம் சுமார் 600 அடி கீழே இருக்கும். 2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் தெ கோல் நிலையத்தில், 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று கட்டுப்பாட்டாளர் தவறாகச் சொன்ன எண்ணை வைத்து இறங்கிய ஏர்பஸ் ஏ320 ஒன்று, ஓடுபாதையை எட்டுமுன்பே தரைக்கு 6 அடி வரை நெருங்கி, நல்வாய்ப்பாக மேலேறியது. அது பகல், மழை நேரம். விஷுவல் அப்ரோச்சும் அல்ல. ஆயினும் விமானத்திலிருந்த நில எச்சரிக்கைக் கருவி வாய் திறக்கவில்லை என்பதால் இங்கே சொல்லத் தகுந்தது. கடுங்குளிரும் இதேபோல் உயரமானியை ஏமாற்றும்: திட்ட வெப்பநிலையைவிட ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் உண்மையான உயரம் சுமார் 4 விழுக்காடு குறையும். குளிர்நாட்டு மலை நிலையங்களில் இந்தத் திருத்தத்தை விஷுவல் அப்ரோச்சிலும் விட்டுவிடக் கூடாது.

எண்களால் ஒரு பாதை

இரவில் இறங்கும் பாதையைக் கண் தீர்மானிக்காமல் எண் தீர்மானிக்க வேண்டும். 3 டிகிரிச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு 318 அடி இறங்க வேண்டும். ஓடுபாதை முனையின் உயரத்தைக் கூட்டிக்கொண்டால், 3 கடல் மைலில் அதற்கு மேல் 1,000 அடி, 5 கடல் மைலில் 1,600 அடி, 10 கடல் மைலில் 3,200 அடி என்று மனக்கணக்காகவே வைத்துக்கொள்ளலாம். நிலையம் 1,200 அடி உயரத்தில் இருந்தால், 5 கடல் மைல் தொலைவில் உயரமானி ஏறத்தாழ 2,800 காட்ட வேண்டும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும்: 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்துக்கு 700 அடி. ஆனால் தொலைவு எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது தெரியாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஓடுபாதை முனையையே எஃப்.எம்.எஸ்.-இல் ஒரு புள்ளியாக வைத்து அளப்பது பாதுகாப்பானது.

விமானத்தை ஓட்டாத விமானி இந்த எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “ஐந்து மைல், 2,800 இருக்க வேண்டும், 2,500 இருக்கிறது” என்ற ஒரு வாக்கியம் அழகான காட்சியில் மயங்கிய கண்ணை மீட்டுவிடும். இருவரும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதே இரவு விஷுவல் அப்ரோச்சின் பெரிய பலவீனம். ஒருவர் வெளியே பார்த்தால் மற்றவர் கருவிகளிலிருந்து கண் எடுக்கக் கூடாது.

எம்.எஸ்.ஏ.-க்குக் கீழே எப்போது இறங்கலாம் என்பதற்கும் ஒரு தெளிவான எல்லை தேவை. வெளியிடப்பட்ட அணுகுமுறையின் ஒரு பகுதியில் விமானம் நிலைபெற்று, அந்தப் பகுதிக்குரிய உயரம் தெரிந்திருந்தால் இறங்கலாம். அல்லது ஓடுபாதையின் நேர்கோட்டில் நிலைபெற்று, சரிவு காட்டும் கருவியையோ விளக்கையோ அதன் எல்லைக்குள் பிடித்திருந்தால் இறங்கலாம். இவை இரண்டும் இல்லாமல், நகரத்தின் விளக்குகள் தெரிகின்றன என்பதற்காக இறங்குவதற்கு இரவில் இடமே கிடையாது.

பாப்பி விளக்கை எங்கிருந்து நம்பலாம்

ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகளாக நின்று சரிவைக் காட்டும் பாப்பி, இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் காட்டினால் விமானம் சரிவில் இருக்கிறது; மூன்று சிவப்பு என்றால் சற்றுத் தாழ்வு, நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. இதை அறியாத விமானி இல்லை. ஆனால் இரவில் பாப்பி 20 மைல் தொலைவு வரை தெரியக்கூடும். அமெரிக்கக் கையேட்டின்படி அது தடைகளிலிருந்து பாதுகாப்பு தருவதோ ஓடுபாதை முனையிலிருந்து பொதுவாக 3.4 கடல் மைல் வரையும், நேர்கோட்டின் இருபுறமும் 10 டிகிரிக்குள்ளும் மட்டுமே. பதினைந்து மைல் தொலைவில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்குபவருக்கும் ஓடுபாதைக்கும் இடையே மலைமுகடு இருக்கலாம். பாப்பியின் ஒளி அந்த முகட்டை உரசியபடி வரலாம். பக்கவாட்டிலிருந்து சுற்றி வரும்போதும் இதே நிலைதான். ஆகவே நேர்கோட்டுக்கு வந்து சேரும்வரை பாப்பியைக் கொண்டு உயரத்தைக் குறைக்கக் கூடாது. சுற்றி வருவதாக இருந்தால் மலை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, திருப்பத்தை நிலையத்தை ஒட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு எரிந்தும் பார்க்கப்படாமல் போகலாம். 2002 ஜூலை 26 அன்று விடியுமுன் ஃபெட்எக்ஸ் 1478-ஆம் எண் போயிங் 727 சரக்கு விமானம், இருண்ட காட்டின் மேலாக டலஹாசி நிலையத்துக்கு விஷுவல் அப்ரோச்சில் வந்து, ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதியது. விமானத்திலிருந்த மூவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். பாப்பி தாழ்வைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. விமானத்தை ஓட்டிய துணை விமானியான முதல் அதிகாரிக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருந்ததும், கேப்டனும் முதல் அதிகாரியும் களைத்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. நிறப்பார்வை நன்றாக உள்ளவருக்கும் விடியற்காலை நான்கு மணிக்குக் களைப்பு உண்டு. பாப்பியின் நிறத்தை ஒருவர் சொல்ல மற்றவர் உறுதிப்படுத்துவது அந்த நேரத்துக்கான எளிய காப்பு.

விளக்கு மறைந்தால்

இரவில் மலை தன்னைக் காட்டிக்கொள்ளும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: அது எதையாவது மறைக்கும். எதிரே தெரிந்துகொண்டிருந்த ஊர் விளக்குகளின் கீழ்வரிசை ஒவ்வொன்றாக அணைவதுபோல் தோன்றினாலோ, ஓடுபாதையின் முன்முனை விளக்குகள் மினுங்கி மறைந்தாலோ, நடுவே ஏதோ எழுந்து நிற்கிறது என்று பொருள். மேகமாகவும் இருக்கலாம், முகடாகவும் இருக்கலாம். எது என்று ஆராய நேரம் கிடையாது. இறக்கத்தை உடனே நிறுத்தி, மேலேற வேண்டும். சிதறிய மேகங்கள் இரவில் அறவே தெரியாமல், உள்ளே நுழைந்தபின்தான் தெரியவரும் என்பதால், ஓடுபாதை ஒரு கணம் கண்ணிலிருந்து போனாலும் விஷுவல் அப்ரோச் அத்தோடு முடிந்ததாகவே கொள்ள வேண்டும்.

ஒரு விமானியின் திரையிலாவது நிலப்பரப்புக் காட்சி எப்போதும் இருக்க வேண்டும். மஞ்சள் நம் உயரத்தை ஒட்டிய நிலம், சிவப்பு நம்மைவிட மிக உயர்ந்த நிலம். அதை வைத்து மலைகளுக்கு இடையே வழி கண்டுபிடிக்க முயலக் கூடாது. அதற்காக அது செய்யப்படவில்லை.

எச்சரிக்கை ஒலித்தால்

பழைய நில எச்சரிக்கைக் கருவி விமானத்தின் நேர்கீழே மட்டும் அளந்ததால், செங்குத்தாக எழும் மலையை மிகத் தாமதமாகவே உணர்ந்தது. 1995 டிசம்பர் 20 இரவு கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-ஆம் எண் போயிங் 757-இல் இருந்தது அந்த வகைதான். காலி நிலையம் இரு மலைத்தொடர்களுக்கு இடையிலுள்ள நீண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தது. கட்டுப்பாட்டாளருக்கு ரேடார் இல்லை. வடக்கிலிருந்து நேராக இறங்க வாய்ப்பு தரப்பட்டதும் விமானிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உயரத்தைக் குறைக்க நேரம் போதவில்லை, வேகத்தடைத் தகடுகளை விரித்தபடி இறங்கினார்கள். ரோஸோ என்ற வழிகாட்டிக்காக எஃப்.எம்.எஸ்.-இல் ‘ஆர்’ என்ற எழுத்தைத் தட்டியபோது, கணினி பொகோட்டா அருகிலுள்ள ரோமியோ என்ற வேறொரு வழிகாட்டியை எடுத்துக்கொண்டு விமானத்தைக் கிழக்கே, மலைப் பக்கம் திருப்பியது. கருவி எச்சரித்தபோது மோதலுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடிகளே இருந்தன. முழு விசையுடன் விமானத்தின் மூக்கை உயர்த்தினார்கள். விரித்திருந்த தகடுகளை மடக்க எவருக்கும் நினைவு வரவில்லை. 163 பேரில் நால்வர் மட்டுமே பிழைத்தார்கள்.

பொறியாளர் டான் பேட்மேன் தலைமையில் உருவாகி 1990-களின் பிற்பகுதியில் வந்த இ.ஜி.பி.டபிள்யூ.எஸ். என்ற மேம்பட்ட நில எச்சரிக்கைக் கருவி, உலகின் நிலப்பரப்பைத் தன்னுள் வைத்துக்கொண்டு முன்னோக்கிப் பார்த்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்பே எச்சரிக்கிறது. இந்த வகை விபத்துகள் அதன் வரவால் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அது பேசும்போது விமானி நம்ப வேண்டும். பகலில், மலை கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்து விலகியிருப்பது உறுதியானால் எச்சரிக்கையை அலசிப் பார்க்கச் சில கையேடுகள் இடம் தருகின்றன. இரவில் அந்தச் சலுகை கிடையாது. மேலேற்று என்று பொருள்படும் ‘புல் அப்’ ஒலித்த உடனே ஆட்டோ பைலட்டைத் துண்டித்து, முழு விசை கொடுத்து, இறக்கைகளைச் சமன்செய்து, மூக்கை உயர்த்தி, வேகத்தடைத் தகடுகள் மடங்கியிருக்கின்றனவா என்று கைவைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் நிலத்தைக் கடக்கும்வரை தொடக் கூடாது. எச்சரிக்கை நின்றதும் திரும்ப இறங்கிவிடாமல், எம்.எஸ்.ஏ. வரை ஏறி முடித்த பின்னரே என்ன நடந்தது என்று பேச வேண்டும்.

மேலேறும்போது

விஷுவல் அப்ரோச்சுக்கென வகுத்த கோ-அரவுண்ட் வழி, அதாவது இறங்காமல் மேலேறிச் செல்லும் வழி இல்லாததால், அந்த ஓடுபாதையின் கருவிவழி அணுகுமுறைக்குரிய வழியையே பயன்படுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதைக் கட்டுப்பாட்டாளரிடமும் தெரிவித்துவைப்பது நல்லது. பாதி வழியில் கைவிட நேர்ந்தால் எந்தப் பக்கம் திரும்பினால் மலை, எந்தப் பக்கம் திரும்பினால் வெளி என்பது இருவர் வாயிலும் தயாராக இருக்க வேண்டும்.

இருளில் முழு விசையோடு மேலேறும்போது இன்னொரு மாயை காத்திருக்கிறது. திடீர் முடுக்கத்தை நம் காதின் உட்பகுதி, விமானத்தின் மூக்கு மிகவும் உயர்ந்துவிட்டதாக உணர்கிறது. கை தானாக மூக்கைத் தாழ்த்துகிறது. 2000 ஆகஸ்ட் 23 இரவு பஹ்ரைனில் கல்ஃப் ஏர் 072-ஆம் எண் ஏர்பஸ் ஏ320, இறங்க முடியாமல் கோ-அரவுண்ட் செய்தபோது இருண்ட கடலை நோக்கித் தாழ்ந்து விழுந்து 143 பேரும் இறந்ததில் இந்த மாயைக்கும் பங்கு இருந்தது என்று விசாரணை கண்டது. விசையைக் கொடுத்த கணத்திலிருந்து வெளியே பார்ப்பதை விட்டு, மூக்கின் கோணத்தையும் ஏறும் வேகத்தையும் காட்டும் கருவிகளை மட்டும் நம்ப வேண்டும். மற்றவர் “ஏறுகிறோம்” என்பதை எண்ணோடு சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்.

தரையிறங்கிய பின், எச்சரிக்கை ஏதும் ஒலித்திருந்தாலோ, பாப்பி காட்டியதும் எண்கள் சொன்னதும் ஒத்துவரவில்லை என்றாலோ, வழியில் ஒரு முகடு விளக்குகளை மறைத்ததைக் கண்டிருந்தாலோ, அதை அன்றே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிவிட வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஓடுபாதைக்கு இரவில் விஷுவல் அப்ரோச்சை அடியோடு நிறுத்துவதா என்ற முடிவை, பெரும்பாலும் அப்படி வந்து சேரும் அறிக்கைகளைக் கொண்டுதான் நிறுவனங்கள் எடுக்கின்றன.